நம்ம ஊர் கம்யூனிட்டி டேங்குக்கு ஏஞ்சலா, ராமா, பேர்ல் கௌராமியா?

பல ஜாதி மீனுங்க சேந்து இருக்கிற கம்யூனிட்டி டேங்க், 3 அடி, அதுல கூட்டமா சுத்துற பொடி மீன் டெட்ரா ஒரு 15, கீழ மேயுற கோரி கெளுத்தி 6, கொஞ்சம் செடி. எல்லாம் செட் ஆயிடுச்சு, ஆனா வீட்டுக்கு வர்றவங்க ஒரு நிமிஷம் பாத்துட்டு "எல்லாம் பொடி மீனா இருக்கே"ன்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிடுவாங்க. அப்பதான் நடுவுல கெத்தா ஒண்ணு வேணும்னு தோணும், அதுக்குத்தான் சென்டர்பீஸ்னு பேரு. பாக்க பெருசா இருக்கணும், ஆனா பொடிசுங்கள தொடக்கூடாது. இந்த ரெண்டும் ஒரே மீன்ல அமையுறதுதான் குதிரைக்கொம்பு.

சென்னை கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் போய் கேட்டீங்கன்னா பெரும்பாலும் முதல்ல கைய நீட்டுறது ஏஞ்சல் தொட்டிய பாத்துதான். நானும் அப்படித்தான் விழுந்தேன். அஞ்சு ரூபா காசு சைஸ்ல நாலு குட்டி வாங்கிட்டு வந்தேன், நியான் டெட்ராவோட சேந்து அழகா சுத்திட்டு இருந்துச்சு, ஏழெட்டு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் ஒரு நாள் அம்மா "என்னடா, தினம் ஒண்ணு கொறையுது"ன்னாங்க. செத்திருந்தா உடம்பாவது மிதக்கணும்ல, அதுவும் இல்ல. ராத்திரி லைட் அணைச்சதும் ஏஞ்சல் வேலைய காட்டிட்டு இருந்திருக்கு. இதுல அதோட தப்பு ஒண்ணும் கிடையாது, அது சிக்லிட் குடும்பம், வாய்க்குள்ள அடங்குறது எல்லாமே அதுக்கு சாப்பாடு, நியானோ ஒல்லிக்குச்சி. வளந்த ஏஞ்சல் உடம்பு 15 செ.மீ. வரைக்கும் போகும், மேல் துடுப்புல இருந்து கீழ் துடுப்பு வரைக்கும் அளந்தா அதுக்கும் மேல, அதனால 1 அடி உயர டேங்க் பத்தவே பத்தாது, ஒன்றரை அடி தண்ணி நிக்கணும்.

அத விட பெரிய தொல்லை ஜோடி சேர்றது. நாலுல ரெண்டு ஜோடி சேந்து ஃபில்டர் பைப் மேலயே முட்டை போட்டுச்சுங்க, அன்னையில இருந்து பாதி டேங்க் அதுங்க பட்டா நிலம். மத்த ரெண்டும் ஒரு மூலையில தலைகுனிஞ்சு நின்னுச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. சரி ஒண்ணே ஒண்ணு மட்டும் விடலாமேன்னு கேப்பீங்க. விடலாம், ஆனா அப்பவும் நியான் பக்கத்துல வேணாம், உடம்பு கொஞ்சம் அகலமான பிளாக் விடோ, லெமன் டெட்ரா மாதிரி விடுங்க. டைகர் பார்ப் மட்டும் கூடவே கூடாது, ஏஞ்சலோட நீளத் துடுப்ப பிச்சு எடுத்துரும்.

அடுத்து ராம். ஜெர்மன் ப்ளூ ராம்னு சொல்றாங்களே தவிர ஜெர்மனிக்கும் அதோட பூர்வீகத்துக்கும் சம்பந்தமே இல்ல, வெனிசுலா, கொலம்பியா பக்கம் ஓரினோகோ ஆத்துப் படுகை மீன் அது. அழகுன்னு மட்டும் பாத்தா இந்த லிஸ்ட்லயே அதுதான் ஃபர்ஸ்ட், அந்த நீலப் பொட்டும் மஞ்சள் முகமும் வேற எதுலயும் வராது. 5 செ.மீ.தான், ஒரு ஜோடி விட்டா யாரையும் திங்காது. சூடும் அதுக்குப் பிடிக்கும், 27ல இருந்து 30 டிகிரி கேக்கும், சென்னையில அது சும்மாவே கிடைக்குது. இடிக்கிறது தண்ணியிலதான். எங்க வீட்டு போர் தண்ணிய டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்ப காட்டுறது) பாத்தா 800 காட்டுது, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுது, ராம் கேக்குறதோ உப்பு கம்மியான, லேசா அமிலமான மென் தண்ணி. ஆர்.ஓ. தண்ணி கலந்து கலந்து மாத்தலாம்தான், ஆனா வாரா வாரம் அந்த வேலைய வருஷம் முழுக்க செய்வீங்களான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, நான் ரெண்டு மாசத்துல ஓஞ்சுட்டேன். அதோட புது டேங்க்ல விட்டா ஒரு வாரத்துல மிதக்கும், நல்லா சைக்கிள் ஆகி, அதாவது கழிவ முறிக்கிற பாக்டீரியா வளந்து, சில மாசம் ஓடுன டேங்க்தான் அதுக்கு ஒத்து வரும்.

பொலிவியன் ராம்னு ஒரு தம்பி இருக்கு. கலர் கம்மி, ஆனா தண்ணி விஷயத்துல ரொம்ப அலட்டாது. அதுக்கு 23ல இருந்து 26 டிகிரி போதும், அதான் நமக்கு உதைக்குது, மே மாசம் எங்க டேங்க் 32 தொடும். ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் இருக்கவங்க தாராளமா யோசிக்கலாம், கடையில கிடைச்சா.

இப்ப என் ஆளு, பேர்ல் கௌராமி. தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா பக்கத்து மீன், 10ல இருந்து 12 செ.மீ. வளரும், உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி முத்து தெளிச்ச மாதிரி, ஆணுக்கு தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் ஆரஞ்சு ஏறும். முன்னாடி ரெண்டு நூல் தொங்கும் பாருங்க, அது மாறிப்போன வயித்துத் துடுப்பு, அத வச்சு தொட்டுத் தொட்டு ருசி பாக்கும், செடி, கல்லு, பக்கத்துல வர்ற மீனுன்னு எல்லாத்தையும் அது தடவுறத பாத்துட்டே உக்காந்திருக்கலாம். வாய் சின்னது, அதனால வளந்த டெட்ராவுக்கு பயமில்ல (குஞ்சு பொரிஞ்சா குஞ்சுக்கு உத்தரவாதம் கிடையாது, அது எந்த மீன் கூடவும் கிடையாது). ஆண் நுரைக்கூடு கட்டுற சமயத்துல கொஞ்சம் விரட்டும், ஆனா ஏஞ்சல் மாதிரி பாதி டேங்க எழுதி வாங்கிக்காது. ஒரு ஆண், ரெண்டு பெண்ணுன்னு விட்டா அதுவும் குறைஞ்சுரும்.

நான் இதுக்கு ஓட்டு போடுறதுக்கு நிஜக் காரணம் அழகு இல்ல, பவர் கட். தண்ணி சூடாக சூடாக அதுல கரைஞ்சு நிக்கிற ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பாத்து கரண்ட் போயி ஏர் பம்ப்பும் நின்னா மத்த மீனெல்லாம் மேல வந்து வாய பொளக்கும். கௌராமிக்கு தலைக்குள்ள லாபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து ஒரு வாய் காத்து முழுங்கிட்டு அது பாட்டுக்கு போயிரும். எங்க போர் தண்ணியிலயும் ரெண்டு வருஷமா நிக்குது. அதுக்காக ஃபில்டர் வேணாம்னு அர்த்தம் இல்ல, மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியா ஏறுனா இதுவும் சாகும். ஃபில்டர் ஓட்டம் மட்டும் மேல அலையடிக்காம மெதுவா இருக்கட்டும், மிதக்குற செடி கொஞ்சம் போடுங்க, ஆனா காத்து குடிக்க இடம் விட்டு. குறைன்னு சொன்னா, முதல் ஒரு வாரம் செடிக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்கும், காசு கொடுத்து வாங்குனது கண்லயே படலன்னு வீட்ல திட்டு விழும்.

2 அடி டேங்க் வச்சிருக்கவங்க பேர்ல் வேணாம், ஹனி கௌராமி பாருங்க. 5 செ.மீ.தான், கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து நம்ம நாட்டு மீன், படு சாது. ட்வார்ஃப் கௌராமி அதே விலைக்கு இன்னும் பளபளன்னு இருக்கும், ஆனா அதுக்குன்னே ஒரு வைரஸ் நோய் சுத்திட்டு இருக்கு, மருந்து கிடையாது, நான் வாங்குன மூணும் போயிருச்சு, அதனால அந்தப் பக்கம் இப்ப போறதில்ல. போய்சமனி ரெயின்போவும் நல்ல மீன்தான், கடின தண்ணிய ஜாலியா எடுத்துக்கும், ஆனா ஆறு சேத்து 4 அடி டேங்க்ல விடணும், அப்புறம் அது எங்க சென்டர்பீஸ், கூட்டம்தான்.

பை த வே, நியானே மே மாசத்துக்கு லாயக்கில்ல, கார்டினல், ரம்மிநோஸ் டெட்ராங்க அத விட சூடு தாங்கும், கூட்டாளிய அப்படி மாத்திக்கோங்க.

கடையில பேர்ல் வெளிறிப்போய்தான் நிக்கும், வெறும் கண்ணாடித் தொட்டி, மேல ட்யூப் லைட், செடி ஒண்ணும் இருக்காது, வேற எப்படி நிக்கும். வீட்ல நாலு மாசம் போனாதான் ஆரஞ்சே ஏறும். மேல் துடுப்பு நீளமா, கூரா இருந்தா ஆண், வட்டமா முடிஞ்சா பெண். கடைக்காரர் பக்கத்துத் தொட்டியக் காட்டி "இதுவும் கௌராமிதான் சார், கலரும் ஜாஸ்தி, ரேட்டும் கம்மி"ன்னு ப்ளூ கௌராமியவோ கோல்டு கௌராமியவோ அள்ளப் போவாரு. அதுல ஆணுங்க வளந்ததும் ரவுடி. வலைய தண்ணியில விடுறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிருங்க.