வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கொளத்தூர் கடை

கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு அண்ணனும் அவர் மகளும் நடத்தும் இந்தச் சின்னக் கடைக்கு நான் தொடர்ந்து போவதற்குக் காரணம் ஒன்றுதான்: தொட்டியில் அடங்காமல் வளர்ந்துவிட்ட மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். காசு தரமாட்டார்கள், ஆனால் தட்டிக்கழிக்கவும் மாட்டார்கள்.

இது பெரிய விஷயம். விரல் நீளத்தில் வாங்கும் கோல்டு ஃபிஷ், இடம் கிடைத்தால் ஒரு அடியைத் தாண்டும். பாவம் பார்த்து ஏரியில் விட்டால் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். அமெரிக்காவின் மினசோட்டாவில் பர்ன்ஸ்வில் நகர ஏரியில் 2021-ல் பிடிபட்டவை, தொட்டி மீன் என்றே நம்ப முடியாத பருமன். வீட்டு மீனை ஏரியில் விடாதீர்கள் என்று நகர நிர்வாகமே கேட்டுக்கொண்டது.

கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கோல்டு ஃபிஷ் கேட்டால் இங்கே தரமாட்டார்கள். "அக்கா, முதல்ல தொட்டி எத்தனை லிட்டர்னு சொல்லுங்க" என்பார் மகள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு குறை உண்டு, அதனால் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். 'டேங்க் கிளீனர்' என்று சக்கர் மீன் குஞ்சுகளையும் விற்கிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. ஒன்றரை அடி வரை வளரும், கரையில் வளை தோண்டும், முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கும். சென்னை ஏரிகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. அதை விற்பதை நிறுத்தச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை நெரிசல் அதிகம், வார நாளில் போங்கள்.