கொண்டை சிவக்கும் என்று சொல்லி கோழிக்குச் சொட்டு மருந்து விற்க வருபவரிடம் கவனம்

பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் கோழி வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். அம்மா ஆறு வாரமாக வளர்த்த 60 குஞ்சுகளில் 34 செத்துப்போய்விட்டன.

தொடர்ந்து மழை. கூட்டில் போட்ட மரத்தூள் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின, கொண்டை வெளிறியது, எச்சத்திலும் சிவப்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார்.

"அக்கா, இது ரானிக்கெட் மருந்து. ரத்தமும் ஊறும். ரெண்டே நாள்ல கொண்டை செவந்துரும்."

ரானிக்கெட் என்பது கோழிக்கு வரும் ஒரு வைரஸ் நோய், அவர் கொண்டுவந்தது அதற்கான தடுப்பு மருந்து. குப்பியை ஜெக்கட் பையிலிருந்துதான் எடுத்தார். ஐஸ் பெட்டி இல்லையா என்று கேட்டேன். "நம்ம ஊரு குளிருக்கு ஐஸ் எதுக்கு தம்பி?" என்றார். நானும் நம்பினேன். குஞ்சுக்கு 100 ரூபா வீதம் 6,000 ரூபா கொடுத்தோம். கண்ணில் சொட்டு விட்டுவிட்டுப் போனார். நாலாம் நாள் சாகத் தொடங்கின. கோல் எடுத்தால் பதிலே இல்லை.

செத்த இரண்டையும் உயிரோடு ஒன்றையும் அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். குடலை வெட்டிக் காட்டினார். உள்ளே கட்டி கட்டியாக ரத்தம். உயிரோடிருந்த குஞ்சின் கீழ் இமையை விரலால் இழுத்தார், உள்பக்கம் கடதாசி போல வெள்ளை. கொக்சிடியோசிஸ், அதாவது ரத்தக்கழிச்சல். ஈரத்தில் பெருகும் ஒட்டுண்ணி அது, வைரஸ் இல்லை. ரானிக்கெட் மருந்து அதை ஒன்றும் செய்யாது.

டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தடுப்பு மருந்து ரத்தம் ஊற வைக்காது. கண்ணில் விடும் ரானிக்கெட் மருந்தில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ். அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் வேலை செய்யவேண்டும், எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். சுகமான கோழி இதைத் தாங்கும். ரத்தம் இழந்து சோர்ந்த கோழிக்குப் போடவே கூடாது. ரத்தம் சுண்டவைக்கிற வைரஸ் நோயும் கோழிக்கு உண்டாம், எலும்பு மச்சையைத் தாக்குவது. அதற்கான தடுப்பூசியைக்கூடத் தாய்க்கோழிக்கு முட்டையிட முன்பே போட்டுவிடுவார்கள், பாதுகாப்பு முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும். வெளிறிய குஞ்சைச் சிவக்க வைக்க அதாலும் முடியாது.

குளிர் விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். நம் மலைக் குளிர் அதற்குப் போதாது. உடம்போடு ஒட்டிய ஜெக்கட் பை எந்த மூலைக்கு? கரைத்த பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கண்ணில் படாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். கொண்டை வெளிறியிருந்தால் முதலில் எச்சத்தை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.

டாக்டர் தந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம், மரத்தூளையும் மாற்றினோம். மிச்சம் 26 தீனி எடுக்கின்றன. மருந்து விற்றவர் கூட்டடியில் விட்டுப்போன வெறுங்குப்பி கிடைத்தது. லேபிளில் திகதி இருந்த இடம் சுரண்டப்பட்டிருக்கிறது. அதை டாக்டரிடமே ஒப்படைத்துவிட்டேன்.