விசிடிவிசிடி: வேவ்ஃபார்மிடம் கேள்வி கேட்க ஒரு பைத்தான் லைப்ரரி

வேவ்ஃபார்ம் பார்க்க உதவும் ஜிடிகேவேவைத் திறந்து, கிளாக்கை மேலே வைத்து, டேட்டா தயார் என்று சொல்லும் வேலிட், ஏற்கத் தயார் என்று சொல்லும் ரெடி இரண்டையும் கீழே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்துக்கொண்டே போவது பத்து சைக்கிளுக்குச் சரி. பத்தாயிரம் சைக்கிளில் எங்காவது ரெடி வருவதற்கு முன்பே வேலிட் விழுந்துவிட்டதா என்று பார்க்கக் கண் போதாது. சிக்னல் மாற்றங்களை நேரத்தோடு சிமுலேட்டர் எழுதித் தரும் விசிடி ஃபைலை ஸ்கிரிப்ட்டில் படித்து அந்தக் கேள்வியைக் கேட்க, பைத்தானில் விசிடிவிசிடி நல்ல தேர்வு. நடுத்தர அளவு ஃபைல் வரை தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபைலில் இருப்பதை அது அப்படியே தான் தரும்; அதற்குப் பொருள் கொள்வது நம் பொறுப்பு. தவறான விடைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

நிறுவ பிப் இன்ஸ்டால் ஒன்று போதும். முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டது என்பதால் கம்பைலர் தகராறு இல்லை. ஃபைல் பெயரைக் கொடுத்தால் மொத்தத்தையும் படித்து வைத்துக்கொள்ளும். சிக்னல்ஸ் என்ற பட்டியலில் எல்லாப் பெயர்களும் படிநிலையோடு கிடைக்கும். ஒரு பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் அந்த சிக்னல் வரும். அதன் டிவி பட்டியலில் நேரமும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும். சிக்னலிடமே ஒரு நேரத்தைக் கொடுத்தால், அப்போது நிலவிய மதிப்பைத் தேடித் தரும். இவ்வளவுதான் கற்க வேண்டியது. இந்த எளிமைதான் இதன் பெரிய பலம்.

முதல் தடுமாற்றம் பெயரில் வரும். பல பிட் சிக்னல்களுக்குப் பிட் வரம்பும் பெயரோடு ஒட்டியிருக்கும்: கவுண்ட் என்று கேட்டால் கீ எரர், கவுண்ட்[7:0] என்று கேட்டால் கிடைக்கும். கூடவே வரும் விசிடிகேட் என்ற கட்டளையை எல் ஆப்ஷனோடு ஓட்டி, பெயர்களை அங்கிருந்தே காப்பி எடுப்பது நல்லது.

அடுத்தது நேரம். டிசைனைச் சோதிக்கும் டெஸ்ட்பெஞ்சில் டைம்ஸ்கேல் (நேர அலகு / துல்லியம்) 1 நானோசெகண்ட் / 1 பிக்கோசெகண்ட் என்று இருந்தால், ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டர் எழுதும் ஃபைலில் நேரம் பிக்கோசெகண்டில் இருக்கும். 25 நானோசெகண்டில் என்ன மதிப்பு என்று பார்க்க 25000 என்று கேட்க வேண்டும். 25 என்று கேட்டாலும் எரர் வராது; சிமுலேஷன் தொடங்கிய நொடியின் மதிப்பைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். டைம்ஸ்கேல் விவரம் லைப்ரரியிலேயே கிடைக்கிறது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே அதை எடுத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது கிளாக் விளிம்பில் மதிப்பெடுப்பது. கிளாக் 5000, 15000, 25000 என்று உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலிட், கிளாக் உயரும்போது மட்டும் மாறும் ஃப்ளிப்ஃப்ளாப்பிலிருந்து வருகிறது. 15000-ல் உயர்ந்து, டேட்டா ஏற்கப்பட்டதும் 25000-ல் விழுகிறது. ரெடியை டெஸ்ட்பெஞ்ச் இறங்கு விளிம்பில் ஓட்டுகிறது. 20000-ல் உயர்ந்து 30000-ல் விழுகிறது. கிளாக் உயரும்போது வேலிட், ரெடி இரண்டும் 1 என்றால் ஒரு பரிமாற்றம். உண்மையில் 25000-ல் ஒரு பரிமாற்றம் நடந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் 25000-ல் வேலிட்டைக் கேட்டால் 0 என்று பதில் வரும், ஏனென்றால் லைப்ரரி தருவது அந்த நேரத்து மாற்றத்துக்குப் பிந்தைய மதிப்பு. 15000-ல் வேலிட் 1, ஆனால் ரெடி 0. ஆக, ஒரு பரிமாற்றம் நடந்த இடத்தில் ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்று எண்ணும். டிசைனில் பக் என்று நினைத்து அதன் கோடான ஆர்டிஎல்லைப் புரட்டத் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும். தீர்வு எளிது: விளிம்பு நேரத்திலிருந்து ஒன்றைக் கழித்து 24999-ல் கேளுங்கள். ஃப்ளிப்ஃப்ளாப் பார்த்த மதிப்பு அதுதான். வெரிலேட்டர் என்ற சிமுலேட்டரில் மட்டும் ஒரு கவனம் தேவை: கிளாக்கை உயர்த்தும் அதே படியில் இன்புட்டையும் மாற்றினால் இந்தக் கணக்குத் தவறும். கிளாக் தாழ்ந்திருக்கும்போதே இன்புட்டை மாற்றி, ஒரு டம்ப் எடுத்துவிட்டு (மதிப்புகளை ஃபைலில் எழுதிவிட்டு), பிறகு உயர்த்துங்கள்.

மாற்றங்களை எண்ண டிவி பட்டியலின் நீளத்தை எடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். பதிவை நிறுத்தும் டம்ப்ஆஃப் கட்டளை வரும்போது சிமுலேட்டர் எல்லா சிக்னலுக்கும் எக்ஸ் (தெரியாத மதிப்பு) எழுதிவைக்கும், பதிவை மீண்டும் தொடங்கும் டம்ப்ஆன் வரும்போது எல்லா மதிப்பையும் மறுபடி எழுதும், டம்ப்ஆலும் அப்படியே. மாறாத சிக்னலும் மாறியதுபோல் பட்டியலில் ஏறிவிடும். முந்தைய மதிப்போடு ஒப்பிட்டு, 0-விலிருந்து 1-க்குப் போனால் மட்டுமே உயர் விளிம்பு என்று எண்ணுங்கள். பட்டியலின் முதல் பதிவு 1 என்று இருந்தால் அது விளிம்பு அல்ல. எக்ஸ் தேடும் ஸ்கிரிப்ட்டும் டம்ப்ஆஃப் இடைவெளியைத் தவிர்த்தாக வேண்டும். வெரிலேட்டர் 0, 1 மட்டுமே அறிந்த இருநிலை சிமுலேட்டர் என்பதால் அதன் ஃபைலில் எக்ஸ் தேடுவதில் பயனே இல்லை. அந்தச் சோதனையை ஐகாரஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு எல்லாமே ஸ்ட்ரிங். இன்ட் ஆக்கும்போது அடிமானம் 2 என்று கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு எக்ஸோ இசட்டோ (யாரும் ஓட்டாத நிலை) இருந்தால் வேல்யூ எரர். அதைவிடச் சூட்சுமமானது நீளம். விசிடி வடிவத்தை வகுத்த ஐஈஈஈ 1364 தரத்தின்படி, இடப்பக்கத்து மிகைப் பிட்களை விட்டுவிட்டு எழுதலாம். 8 பிட் சிக்னலில் 5 என்ற மதிப்பு 101 என்று மூன்றே எழுத்தாக வரும்; எட்டும் எக்ஸாக இருந்தால் ஒரே ஒரு எக்ஸ். ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை உயர் பிட் என்று எடுப்பவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். முதல் எழுத்து 0 அல்லது 1 என்றால் இடப்பக்கம் 0 நிரப்புங்கள். எக்ஸ் அல்லது இசட் என்றால் அதே எழுத்தால் நிரப்புங்கள். குறியுள்ள எண்களுக்கு இரண்டின் நிரப்பியையும் நீங்களே கணக்கிட வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் சிறு உதவிச் செயல்கூறுகளை லைப்ரரியே தந்திருக்கலாம். இதுதான் எனக்கிருக்கும் உண்மையான குறை.

மெமரி அரேயைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் லைப்ரரியைத் திட்டாதீர்கள். ஐகாரஸ் அரேயின் சொற்களைத் தானாக டம்ப் செய்யாது. வேண்டிய ஒவ்வொரு சொல்லையும், எதை டம்ப் செய்வது என்று சொல்லும் டம்ப்வார்ஸ் கட்டளையில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

வேகம்தான் இதன் எல்லை. ஒவ்வொரு வரியையும் பைத்தான் படிக்கிறது, ஒவ்வொரு மாற்றமும் நினைவகத்தில் ஏறுகிறது. முதலில் ஃபைலையே சுருக்குங்கள்: டம்ப்வார்ஸில் நிலை 0 கொடுத்தால் கீழே உள்ள எல்லா மாட்யூலும் வரும், 1 கொடுத்தால் அந்த ஒரு மாட்யூல் மட்டும். அடுத்து, படிக்கும்போது சிக்னல்ஸ் ஆர்க்யூமென்ட்டில் வேண்டிய பெயர்களை மட்டும் கொடுங்கள். காலிப் பட்டியல் கொடுத்தால் எல்லாவற்றையும் படித்துவிடும். அதற்கும் மேலே போனால், ஸ்டோர்டிவிஎஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, கால்பேக் கிளாஸ் எழுதி, மாற்றம் வர வரச் சரிபார்க்கலாம். கால்பேக்குக்கு வருவது பெயர் அல்ல, ஃபைலின் குறுங்குறியீடு. போர்ட் வழியாக இணைந்த பல பெயர்களுக்கு ஒரே குறியீடு இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

விசிடியைவிடச் சுருக்கமான வடிவமான எஃப்எஸ்டி ஃபைலை இது படிக்காது. ஜிடிகேவேவோடு வரும் எஃப்எஸ்டி2விசிடி கருவியால் மாற்றித் தரலாம். ஆனால் எஃப்எஸ்டியைத் தேர்ந்தெடுப்பதே ஃபைல் பெருத்துப்போவதைத் தடுக்கத்தான் என்பதால், மாற்றியதும் அதே பாரம் திரும்பிவிடும். ஜிகாபைட் கணக்கில் டம்ப் வருகிறது, அல்லது ஜிஎச்டிஎல் என்ற சிமுலேட்டர் தரும் ஜிஎச்டபிள்யூ ஃபைல் கையில் இருக்கிறது என்றால் பைவெல்லன் என்ற பைத்தான் லைப்ரரிக்குப் போய்விடுங்கள். அடியில் ரஸ்ட்டில் எழுதிய வெல்லன் ஓடுகிறது, விசிடி, எஃப்எஸ்டி, ஜிஎச்டபிள்யூ மூன்று வடிவங்களையும் படிக்கும். விளிம்புக்கு ஒரு படி முன்பு மதிப்பெடுக்கும் விதி அங்கேயும் மாறாது.