கோரூர் மலைக்குடில்: பூட்டில்லாத கதவுக்குள் ஓர் இரவு

ஸ்காட்லாந்தின் மலைகளில் நடப்பவர்கள் இரவில் ஒதுங்கிக்கொள்வதற்காக எப்போதும் திறந்தே வைக்கப்பட்டிருக்கும் எளிய கல்வீடுகளை அங்கே 'பாத்தி' என்கிறார்கள். அவற்றுள் மிகவும் அறியப்பட்ட ஒன்று கேர்ன்கோர்ம் மலைத்தொடரின் நடுவே, டீ ஆற்றின் மேற்கே, டெவில்ஸ் பாயிண்ட் சிகரத்தின் அடியில் நிற்கும் கோரூர் குடில். முன்பதிவு, கட்டணம், காவலாளி, மின்சாரம், குழாய்த் தண்ணீர் ஆகிய எதுவும் இல்லாத அந்த ஒற்றை அறையில் ஓர் இரவு தங்கிய பின்பு, பணம் கொடுத்துத் தங்கிய பல விடுதிகளைவிட இதையே உயர்வாக மதிக்கிறேன்; எனினும் எல்லோரையும் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

குடிலுக்குச் சாலை கிடையாது. லின் ஆஃப் டீ என்னும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, டெர்ரி லாட்ஜ் வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர் நடக்க வேண்டும்; முதுகுச் சுமையுடன் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. பாதையின் முதற்பாதி அகன்ற வண்டித்தடம். லூய்பெக் ஓடையில் வெள்ளம் பெருகியிருந்தால் நீரில் இறங்கிக் கடக்கும் இடத்தைத் தவிர்த்து, சற்று மேலே உள்ள பாலத்தையே பயன்படுத்த வேண்டும். கடைசிப் பகுதிதான் சோதிக்கும்: ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தை நெருங்கும்போது நிலம் சேறாகிக் கணுக்கால்வரை உள்வாங்குகிறது. வடக்கிலிருந்து 835 மீட்டர் உயரமுள்ள லைரிக் குரூ கணவாயைக் கடந்தும் வரலாம். அது இன்னும் நெடிய, கற்கள் நிறைந்த வழி.

இந்தக் குடில் 1877இல் மான் காவலர் ஒருவர் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் சிதைந்துபோன அதை 1950இல் கேர்ன்கோர்ம் கிளப் என்ற மலையேற்றச் சங்கத்தினர் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். இப்போது அதைப் பராமரிப்பது 1965இல் தொடங்கப்பட்ட மவுண்டன் பாத்திஸ் அசோசியேஷன் என்னும் தன்னார்வ அமைப்பு. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ நூறு குடில்களை அது காத்து வருகிறது. குடில்கள் பெரும்பாலும் அமைப்புக்குச் சொந்தமானவை அல்ல. நில உரிமையாளர்களின் இசைவால் மட்டுமே திறந்திருக்கின்றன. ஆகவே நாம் ஒழுங்காக நடந்துகொள்வதைப் பொறுத்தே அந்தக் கதவு அடுத்தவருக்கும் திறந்திருக்கும்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு சிறிய இடமா என்பதே. கட்டிலோ மெத்தையோ இல்லை. பாய் விரித்து, உறக்கப்பையை அதன்மேல் போட்டுத் தரையில்தான் படுக்க வேண்டும். வாசலை ஒட்டிய இடம் ஈரக் காலணிகளுக்கும் சொட்டும் மழைக்கோட்டுகளுக்கும் உரியது என்பதால், முன்னதாக வருபவர்கள் உட்சுவரோரம் பாய் போடுகிறார்கள். உணவுப் பையைத் தரையில் விடாமல் ஆணியில் மாட்டும்படி எனக்கு முன்பே வந்திருந்த ஒருவர் சொன்னார். இரவில் சுவரோரம் கேட்ட சன்னமான கீறல் ஒலி அவர் சொன்னதன் காரணத்தை விளக்கிவிட்டது. எலிகளுக்கு அந்த வீடு நம்மைவிட நன்றாகத் தெரியும். கூரைமேல் காற்று மோதிக்கொண்டே இருந்தபோதும் அறைக்குள் ஒரு துளி ஒழுகவில்லை, சுவர் வழியே குளிர் ஊடுருவவும் இல்லை. ஆணி, பலகை, சிமெண்டு என எல்லாவற்றையும் இவ்வளவு தொலைவு கொண்டுவந்து சேர்த்த தன்னார்வலர்களின் உழைப்பை எண்ணாமல் அங்கே படுக்க முடியாது.

சிறிய இரும்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மரமே இல்லாத பள்ளத்தாக்கு அது என்பதால், எரிபொருளை நாமேதான் சுமந்து வர வேண்டும். சமைப்பதற்குத் தனியாக எரிவாயு அடுப்பு வேண்டும். கதவையும் காற்று வழிகளையும் இறுக அடைத்துவிட்டு அதை எரிய விடக் கூடாது. அடைத்த அறையில் அடுப்பு எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை, உறங்குபவரை அது எழுப்பாது. தண்ணீரை ஓடையில் எடுத்துக் கொதிக்கவைத்துக் குடித்தோம்.

தொலைவிலுள்ள குடில்கள் பலவற்றில் கழிவைப் புதைக்க மண்வெட்டி மட்டுமே இருக்கும்; இங்கே மட்கவைக்கும் கழிப்பறையே கட்டியிருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்வதும் தன்னார்வலர்களே. அதற்குள் குப்பையைப் போடுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் போனபோது அறையின் மூலையில் காலி எரிவாயுக் குப்பிகளும் பாதி உண்ட உணவுப் பொட்டலங்களும் கிடந்தன. அடுத்தவருக்கு உதவும் என்று நினைத்து விட்டுச் சென்றிருக்கலாம், ஆனால் அது எலிகளுக்கு விருந்தும் பராமரிப்பவருக்குச் சுமையும்தான். கொண்டுவந்ததை எல்லாம் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இக்குடில்களின் அடிப்படை விதி. ஆறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ குழுவாக வரக் கூடாது என்பதும் விதியே.

பெரிய குறை நெரிசல். முன்பதிவு இல்லாததால் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கதவைத் திறக்கும்வரை தெரியாது. மழையில் நனைந்து தாமதமாக வந்த இருவருக்காக நாங்கள் எல்லோரும் பாய்களை ஒட்டிப் போட்டு இடம் செய்து கொடுத்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, சூடான தேநீரும் கிடைத்தது. ஆனாலும் கூடாரம் இல்லாமல் புறப்படுவது தவறு. 1971 நவம்பரில் இதே மலைத்தொடரின் பீடபூமியில், கரன் என்ற சிறு தங்குமிடத்தை நம்பிப் போன பள்ளிக் குழுவினர் பனிப்புயலில் அதை அடைய முடியாமல் வெட்டவெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஐந்து மாணவர்களும் பயிற்சியில் இருந்த துணை வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தனர். பீடபூமியின் உயரத்தில் இருந்த அத்தகைய தங்குமிடங்கள் பின்னர் அகற்றப்பட்டன. கோரூர் தாழ்வான பள்ளத்தாக்கில் இருப்பதால் கண்டடைவது எளிது. இருப்பினும் அதை அடையாமலே ஓர் இரவைத் தாங்கக்கூடிய பொருள்கள் முதுகில் இருந்தால்தான் அங்கே போகலாம்.

தனிமையை மட்டும் நாடுபவர்களும், குறட்டை கேட்டால் உறங்க முடியாதவர்களும், சிறு குழந்தைகளுடன் முதன்முறை மலைக்கு வருபவர்களும் வேறு இடம் பார்ப்பது நல்லது. வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, 1,291 மீட்டர் உயரமுள்ள கேர்ன் டூலுக்கு அதிகாலையில் ஏறத் தொடங்க இதைவிட நல்ல இடம் அப்பக்கத்தில் இல்லை. டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கோடையிலோ மிட்ஜ் என்னும் கடிக்கும் சிறுபூச்சிகள் மொய்க்கும். மே மாதம், வார இறுதியைத் தவிர்த்த ஒரு நாள், இவை இரண்டுக்கும் இடம் கொடுக்காது. புறப்படும்முன் தரையைப் பெருக்கி, அடுப்புச் சாம்பல் அணைந்துவிட்டதா என்று பார்த்து, கதவு காற்றில் திறந்துகொள்ளாதபடி தாழிட்டுவிட்டு வாருங்கள். ஊர் திரும்பியதும் விடுதிக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையைப் பராமரிக்கும் அமைப்புக்கு நன்கொடையாக அனுப்புங்கள்.