சிகேஷ்: கிளை தாவுகிறவர்களுக்குத்தான் முழுப் பலன்

வந்த பேட்ச் (திருத்தம்) ஒன்றைச் சோதிக்க கிட்டில் (git) வேறு கிளைக்குப் (branch) போய்விட்டுப் பழைய கிளைக்குத் திரும்புகிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஹெடர். ஆனால் நூற்றுக்கணக்கான சி++ கோப்புகள் அதை இன்க்ளூட் செய்கின்றன. திரும்பி வரும்போது கோட் பழையபடிதான். ஆனாலும் கிட் அந்த ஹெடரை எழுதிய நேரம் புதிது என்பதால், பில்டு கருவியான நிஞ்சா (Ninja) அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்யக் கிளம்பிவிடும். கம்பைல் செய்த முடிவுகளைச் சேமித்து வைக்கும் கருவியான சிகேஷ் (ccache) கைகொடுப்பது இங்கேதான். கோட், கம்பைலர், ஆப்ஷன் எல்லாம் முன்பு போலவே இருந்தால், சேமித்து வைத்த ஆப்ஜெக்ட் கோப்பை எடுத்து நீட்டிவிடும். அப்போது வந்த வார்னிங்குகள்கூட விட்டுப்போகாது.

பொருத்துவது சுலபம். பில்டை அமைத்துத் தரும் சிமேக்கில் (CMake) 3.4 முதல் கம்பைலர் லாஞ்சர் (compiler launcher) என்ற மாறியில் இதன் பெயரைக் கொடுத்தால் போதும்.

தொல்லை பிறகுதான். டீஃபால்ட் கொள்ளளவு 5 ஜிபி. டீபக் தகவலோடு லிப்ரெஆபீஸ் மாதிரி ஒன்றைக் கட்டினால் இது காணாது. நாளைக்குத் தேவைப்படுவதை இன்றே கழித்துக்கட்டிவிடும். 20, 30 ஜிபி ஒதுக்குங்கள். சிகேஷின் புள்ளிவிவரக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு பில்டு ஓட்டிப் பாருங்கள்: பழையதைக் கழித்ததைக் காட்டும் கிளீனப் எண் ஏறினால் இன்னும் இடம் பற்றவில்லை. ப்ரீகம்பைல்டு ஹெடர் (முன்கூட்டியே கம்பைல் செய்த ஹெடர்) பயன்படுத்தும் திட்டமென்றால் ஸ்லாப்பினஸ் (sloppiness) அமைப்பையும் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஹிட்டே விழாது, அதாவது சேமித்தது எதுவும் கைக்கு வராது.

கிட் வொர்க்ட்ரீ (ஒரே திட்டத்தின் கிளைகளைத் தனித்தனி டைரக்டரிகளில் வைப்பது) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டீபக் பில்டில் டைரக்டரியின் பாதையும் ஹாஷில் (சேமித்ததைத் தேடும் அடையாள எண்ணில்) சேர்வதால், ஒரே கோட் இரண்டு இடத்தில் இருந்தாலும் இரண்டாவதில் எல்லாமே மிஸ், சேமித்தது கிடைக்காது. பேஸ் டிர் (base_dir) அமைப்பில் பொதுவான மேல் டைரக்டரியைக் கொடுத்து, ஹாஷ் டிர் (hash_dir) அமைப்பை அணைத்தால் சரியாகும். இதற்கும் ஒரு விலை உண்டு: டீபக்கர் சில சமயம் அடுத்த வொர்க்ட்ரீயின் கோப்பைத் திறந்து காட்டும். அதிலேயே திருத்தி சேவ் செய்துவிட்டு, மாற்றம் ஏன் தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

ஒரே கோப்பில் நாலு வரி மாற்றி ஓட்டிப் பார்ப்பவருக்கு சிகேஷால் பிரயோஜனம் இல்லை. கோட் புதிது, அதனால் மிஸ். ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் வேலையை இது கேஷ் செய்வதே இல்லை. அவர் மாற்ற வேண்டியது லிங்கரை. மோல்ட் (mold) என்ற லிங்கரைப் போடலாம், ஜிசிசி (GCC) கம்பைலரில் 12.1 முதல் ஒரு ஆப்ஷனிலேயே வேலை முடிந்துவிடும். டெஸ்டுகளை ஓட்டும் சிடெஸ்டில் (CTest) பெயர் வடிகட்டி கொடுத்து சம்பந்தப்பட்ட டெஸ்டுகளை மட்டும் ஓட்டலாம். ஜன்னல்கள் வரையும் க்யூட்டி (Qt) லைப்ரரியில் எழுதிய மென்பொருளென்றால் அதன் பிளாட்ஃபார்ம் அமைப்பை ஆஃப்ஸ்கிரீன் (offscreen) ஆக்கிவிடுங்கள். டெஸ்ட் ஓடும்போது ஜன்னல்கள் குதித்து வந்து கீபோர்டைப் பிடுங்காது.