ஆவர்ஸ்டெட், 1806: துப்பாக்கி ஒன்றுதான், படைகள் வேறு

1806 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியில் சாலே ஆற்றுக்கு மேற்கே ஒரே நாளில் இரண்டு போர்கள் நடந்தன. யேனாவில் நெப்போலியனே நின்று நடத்திய போரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அந்தக் காலத்து இரண்டு படைகளின் அமைப்பை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நடந்த ஆவர்ஸ்டெட்டைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். அங்கே நெப்போலியன் கிடையாது. நெப்போலியனின் மார்ஷல் தவூ தன் மூன்றாவது கோரை (தனியாகவே சண்டை போடக்கூடிய பெரும் படைப்பிரிவு) மட்டும், அதாவது சுமார் 27,000 பேரை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்த, பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் பிரதானப் படையைத் தோற்கடித்தார். அதனால் “நெப்போலியன் மேதை, அதனால் ஜெயித்தார்கள்” என்ற பதில் இங்கே செல்லாது.

முதலில் அடிமட்டத்தைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் முன்வாய் வழியே மருந்தும் குண்டும் இடிக்கிற மஸ்கட்தான். பழகிய கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடும், நூறு மீட்டர் தாண்டினால் குறி பார்த்துப் பெரிய பயன் இல்லை. இரண்டு படையிலும் பட்டாலியன், அதாவது பல நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு, மூன்று வரிசையாகத்தான் நின்றது. வரிசை கலையாமல் நடப்பதிலும், கட்டளைக்கு ஒரே சத்தமாகச் சுடுவதிலும் பிரஷ்யர்கள் இன்னும் ஒரு படி மேல் என்றே சொல்லலாம், மாமன்னர் பிரெடரிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. பிரஷ்யச் சிப்பாய் கோழை என்றோ பயிற்சி இல்லாதவன் என்றோ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வித்தியாசம் அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. பிரெஞ்சு பட்டாலியனில் வோல்தியர் என்ற ஒரு கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) முழுக்கவே கலைந்து முன்னே போய், மரம், சுவர், பள்ளம் என்று கிடைத்த மறைவிலிருந்து சுடுவதற்கென்று இருந்தது, தேவைப்பட்டால் மற்றக் கம்பெனிகளும் அதே வேலையைச் செய்யும். பிரஷ்யாவில் இந்த வேலை பியூசிலியர் என்ற இலகு காலாட்படைப் பட்டாலியன்களுக்கும், கம்பெனிக்குப் பத்துப் பேர் வீதம் இருந்த குறிதுப்பாக்கிக்காரர்களுக்கும் உரியது. மற்றவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். சிப்பாய் கலைந்து போனால் ஓடிப்போய்விடுவான் என்ற பயம் அந்தப் படையில் ரொம்ப நாளாக இருந்தது.

இது களத்தில் எப்படி இருந்தது என்பதற்கு அன்றைக்கே யேனா பக்கம் ஒரு காட்சி உண்டு. ஃபீர்ட்சேன்ஹைலிகன் என்ற சின்ன ஊர், “பதினான்கு புனிதர்கள்” என்று அர்த்தம். கிராவெர்ட்டின் பிரஷ்யக் காலாட்படை அந்த ஊருக்கு எதிரே திறந்த வெளியில், அணிவகுப்பு மைதானத்தில் நிற்பது போல நேர்வரிசையில் வந்து நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் வீட்டு மதிலுக்கும் தோட்ட வேலிக்கும் பின்னால். வரிசையிலிருந்து கட்டளைப்படி வெடி வெடித்து முழங்குகிறது, குண்டெல்லாம் மதிலில் போய் அடிக்கிறது. மதிலுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவனாகக் குறி வைத்துச் சுடுகிறான், வரிசையில் ஆள் விழுகிறான், பக்கத்தில் நிற்பவன் இடைவெளியை அடைக்க நகர்கிறான். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படியே. தளபதி ஹோகன்லோகே, வைமரிலிருந்து ரூஷல் துணைப்படையோடு வரட்டும் என்று காத்திருந்தார், ரூஷல் வந்தபோது காப்பாற்ற அங்கே அதிகம் மிச்சமில்லை. இரண்டு மணி நேரம் அப்படி நின்றவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, மேலே போவோம். கோர் என்றால் உடல் என்று பொருள், பெயர் நன்றாகவே பொருந்துகிறது. தவூவின் கோரில் மோரான், ஃபிரியான், குடின் ஆகியோரின் மூன்று காலாட்படை டிவிஷன்கள் (பல பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு டிவிஷன்), சொந்தமாக மூன்று ரெஜிமென்ட் இலகு குதிரைப்படை, நாற்பதுக்குச் சற்று மேல் பீரங்கிகள், பொறியாளர்கள், தளபதிக்குத் திட்டமும் கட்டளையும் தயாரிக்கத் தனக்கென்று ஒரு அலுவலர் குழு. ஒரு நாள் முழுக்க யார் உதவியும் இல்லாமல் சண்டை போட இது போதும், அதற்குள் பக்கத்துக் கோர் வந்துவிடும் என்பதுதான் கணக்கு. நெப்போலியன் அந்த மாதம் கொண்டுவந்த படையில் இப்படி ஆறு கோர்கள், அதோடு காவல்படையும் முராவின் குதிரைப்படையும். ஒன்றுக்கொன்று ஓரிரு நாள் நடை தூரத்துக்குள் வைத்து மூன்று பாதைகளில் நகர்த்தினார். இங்கிலாந்து மீது படையெடுக்க என்று ஆங்கிலக் கால்வாய்க் கரையில் முகாம் போட்டிருந்த காலத்திலிருந்து இந்தப் படையில் பெரும்பாலோர் ஒன்றாகப் பழகியவர்கள், ஒரு டிவிஷன் தளபதிக்குப் பக்கத்து டிவிஷன்காரர் எப்படி யோசிப்பார் என்று தெரியும்.

பிரஷ்யா டிவிஷன் முறையையே போருக்குச் சற்று முன்னால்தான் கொண்டுவந்தது. அதிலும் குதிரைப்படையை டிவிஷன்களுக்குத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுவிட்டார்கள், சிறு பீரங்கிகளைப் பட்டாலியன்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாளில் பார்த்தால் எல்லோரிடமும் எல்லாமும் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் பலமாக அடிக்க வேண்டிய நேரத்தில் கைக்குள் எதுவும் இல்லை. டிவிஷனுக்கு மேலே கோரும் கிடையாது. பிரன்ஸ்விக் கோமகன், ஹோகன்லோகே, ரூஷல் என்று தனித்தனிப் படைகள், ஆளுக்கொரு திட்டம். பிரதானப் படையோடு அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமே இருந்தார், அதனால் பிரன்ஸ்விக் ஒவ்வொன்றுக்கும் அரசரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பிரன்ஸ்விக்குக் கூட இருந்த அலுவலர் தலைவர் ஷார்ன்ஹோர்ஸ்ட், அந்தக் காலத்தின் மிகத் தெளிவான மூளைகளில் ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், செய்ய வைக்கிற அதிகாரம் கிடையாது. வயதையும் பார்க்கலாம்: பிரன்ஸ்விக்குக்கு 71, கூட வந்த பீல்டு மார்ஷல் மோலன்டோர்ஃபுக்கு 82, எதிரே தவூவுக்கு 36. ஆனால் வயதை நான் முக்கியக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அதே பிரஷ்யப் பக்கத்தில் 63 வயது புளூஷர் இருந்தார், அவர் என்ன செய்தார் என்பது கடைசியில் வரும்.

இனி அந்தக் காலை. கோசன் பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, குடினின் டிவிஷன் பனிமூட்டத்துக்குள் ஹாசன்ஹவுசன் ஊரை நோக்கி வருகிறது. எதிரே பத்தடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தெரியாது. புளூஷர் குதிரைப்படையோடு பாய்ந்தார், குடினின் பட்டாலியன்கள் சதுரம் கட்டின. நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்தி, குதிரை எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு முகம் எதிரே இருக்கும். அதை உடைக்க வேண்டுமென்றால் குதிரைப்படையோடு பீரங்கியும் காலாட்படையும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. திரும்பத் திரும்பப் பாய்ந்தும் ஒரு சதுரமும் உடையவில்லை. அப்புறம் ஃபிரியான் வந்து வலது பக்கம் போனார், கடைசியாக மோரான் வந்து இடது பக்கம் நின்றார். மூன்று டிவிஷனும் வந்து சேர்ந்த வரிசையிலேயே, தேவைப்பட்ட இடத்துக்கு, முழுதாகப் போயின.

பிரஷ்யப் பக்கம் ஷ்மெட்டாவின் டிவிஷன், பிறகு வார்ட்டன்ஸ்லேபன். ஆரஞ்சு இளவரசரின் டிவிஷன் வந்தபோது அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை வலப்பக்கமும் மறு பாதியை இடப்பக்கமும் அனுப்பினார்கள், எங்கேயும் போதவில்லை. நடுவில் பிரன்ஸ்விக்கின் கண்களைக் குண்டு தாக்கியது, அந்தக் காயத்தால் அடுத்த மாதம் இறந்தார். ஷ்மெட்டாவும் சாகும் காயம் பட்டார். அந்த நொடியில் படைக்குத் தலைவர் யார்? அரசர் யாரையும் நியமிக்கவில்லை, தானும் கையில் எடுக்கவில்லை. ஷார்ன்ஹோர்ஸ்ட் இடது ஓரத்தில் சண்டையில் இருந்தார். பின்னால் தளபதி கால்கிராய்தின் கீழ் இரண்டு டிவிஷன் ரிசர்வ் கிட்டத்தட்டச் சண்டையே போடாமல் நின்றது. என் கணக்கில் இந்தப் போரில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. அந்த இரண்டு டிவிஷனும் முன்னே வந்திருந்தால் குடினின் ஆட்கள் தாங்கியிருப்பார்களா என்பதே சந்தேகம், அவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஏற்கெனவே விழுந்திருந்தார்கள்.

தவூவுக்கு மொத்தம் சுமார் 7,000 பேர் இழப்பு. பிரஷ்யாவுக்குச் சுமார் 13,000 பேரும் 115 பீரங்கிகளும் போயின.

கோர் முறையை மந்திரம் போலப் பேசுவதும் சரியில்லை. முந்தின இரவு தவூவுக்குப் பக்கத்திலேயே இருந்த பெர்னடோட்டின் முதலாவது கோர் காலையில் டோர்ன்பர்க் பக்கம் போனது, யேனாவிலும் சண்டை போடவில்லை, ஆவர்ஸ்டெட்டிலும் போடவில்லை. ஒரு தளபதிக்குச் சுயமாக முடிவெடுக்கிற அதிகாரத்தைக் கொடுத்தால், அந்த ஆள் தவூவாகவும் இருக்கலாம், அன்றைய பெர்னடோட்டாகவும் இருக்கலாம். இந்த அபாயம் இல்லாத அமைப்பு ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிரஷ்யா இதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட விதம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட் 1807 முதல் படையைத் திருத்தி அமைத்தார். தளபதிக்குப் பக்கத்தில் உண்மையான பொறுப்போடு ஒரு அலுவலர் தலைவர் என்ற வழக்கம் வந்தது, பிறகு கோர்களும் வந்தன. 1815 ஜூன் 16 அன்று, இன்றைய பெல்ஜியத்தின் லிக்னியில், மறுபடி நெப்போலியனுக்கு எதிரே நான்கு கோர்கள் கொண்ட பிரஷ்யப் படைக்குத் தலைவர் அதே புளூஷர், வயது 72. மாலையில் அவர் குதிரை சுடப்பட்டு அதற்கு அடியில் சிக்கினார், எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஆவர்ஸ்டெட்டில் படை தலையில்லாமல் நின்ற அதே கட்டம். இந்தத் தடவை அலுவலர் தலைவர் கினைசனாவ் பொறுப்பை எடுத்து, வாவ்ர் என்ற ஊரை நோக்கிப் பின்வாங்கக் கட்டளையிட்டார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்துதான் மற்ற மூன்று கோர்களும் வாட்டர்லூ நோக்கி நகர்ந்தன, வாவ்ரில் டீல்மன்னின் கோர் மட்டும் நின்று, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்த பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்து வைத்தது. அது பிரஷ்யாவின் மூன்றாவது கோர்.