குவார்ட்ஸைட்ல ஸ்லைடு லாக் ரிப்பேர்: ஆளு லேட்டு, வேல சுத்தம்

குவார்ட்ஸைட்ல எங்க வண்டி ஸ்லைடு லாக்க ரிப்பேர் பண்ணின ஒரு மொபைல் டெக்னீஷியன் பத்தின ரிவ்யூ இது. எங்க வண்டி 2006 மாடல், 34 அடி கிளாஸ் ஏ மோட்டர்ஹோம் (பஸ் மாதிரி இருக்கற வீட்டு வண்டி), ஃபோர்டு எஃப்53 சேஸிஸ், வி10 பெட்ரோல் இஞ்சின், 3 வருஷம் முன்னாடி செகண்ட்ஹேண்டா வாங்கினது. டிரைவர் பக்கம் ஹால்ல பாதி, அதாவது சோபா சாப்பாட்டு டேபிள் எல்லாம், சுவிட்ச அமுக்கினா அப்படியே வெளிய போகும், அதான் ஸ்லைடு. வண்டி ஓடறப்போ அது தானா வெளிய வந்துடக் கூடாதுன்னு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரெண்டு லாக் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், அது ஒரு கொக்கிய சுத்தி ஸ்லைடு பக்கம் இருக்கற போல்ட்ட கவ்விப் பிடிச்சுக்கும். அமெரிக்கா ரோட்ல சட்டப்படி வண்டி அகலம் 8 அரை அடி தான், அதுக்கு மேல ஸ்லைடு ஒரு சாண் வெளிய வந்தாலும் பக்கத்து லேன்காரன் கண்ணாடி காலி, அதனால இந்த லாக் விஷயத்துல அலட்சியமா இருக்கவே முடியாது.

போன நவம்பர்ல முதல் தடவ ஸ்லைடு நகரல. சுவிட்ச அமுக்கறேன், பேனல்ல செவப்பு லைட்டு எரியுது, அவ்ளோதான். சதர்ன் கலிஃபோர்னியால ஒரு பெரிய டீலர்கிட்ட விட்டேன் (பேர் வேணாம்), 5 வாரம் வெச்சிருந்து, பாத்ததுக்கே 180 டாலர் வாங்கிட்டு, ஸ்லைடு மோட்டாரும் அத ஓட விடற கன்ட்ரோல் போர்டும் ரெண்டுமே போச்சு, மொத்தம் 2,600 ஆகும், பார்ட்ஸ் மார்ச்சுல தான் வரும்னு பேப்பர் குடுத்தாங்க. வீட்டுக்கு கொண்டு வந்து சும்மா அமுக்கிப் பாத்தா ஜம்முனு தொறக்குது! சரி போர்டு ஏதோ மூட் அவுட்ல இருந்துச்சு போலன்னு நானும் விட்டுட்டேன். என் வீட்டுக்காரி மட்டும் "ஏங்க, முன்னெல்லாம் ஸ்லைடு நகர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவ டொக்கு டொக்குனு கேக்கும், இப்ப ரெண்டாவது டொக்கு இழுத்து இழுத்து கேக்குது"ன்னா. நான் காதுல போட்டுக்கல. அவ சொன்னது தான் மொத்த டயக்னாசிஸும், அதுக்கு எங்கிட்ட 180 டாலர் அவ கேக்கல, இன்னமும் குத்திக் காட்டறதோட சரி.

ஜனவரில பொங்கலுக்கு லாங் வீக்கெண்டு சேந்து வந்துச்சுன்னு அரிஸோனா குவார்ட்ஸைட் போனோம். தெரியாதவங்களுக்கு, இது ஐ-10 ஹைவே மேல கலிஃபோர்னியா பார்டர் தாண்டி ஒரு 20 மைல்ல இருக்கற சின்ன ஊரு, வெயில் காலத்துல ஈ காக்கா இருக்காது, குளிர் காலத்துல கண்ணுக்கு எட்டின தூரம் பாலைவனம் பூரா ஆர்வி, அதாவது எங்களோடது மாதிரி வீட்டு வண்டிங்க நிக்கும். நாங்க நின்னது லா போசான்னு அரசாங்க நிலம், கரென்ட் தண்ணி கனெக்ஷன் எதுவும் கெடையாது, நம்ம பேட்டரி நம்ம ஜெனரேட்டர்.

நைட்டு 7 மணி, இருட்டு, நல்ல குளிரு, சுவிட்ச அமுக்கறேன், ஒரே ஒரு டொக்கு, அதாவது ரெண்டு லாக்ல ஒண்ணு தான் தொறக்குது. திரும்பவும் அமுக்கறேன், ஒரு டொக்கு. ஸ்லைடு உள்ள இருந்தா எங்க வண்டில நண்டு மாதிரி பக்கவாட்டுல தான் நடக்கணும், ஃப்ரிட்ஜ் கதவு கால்வாசி தான் தொறக்கும், அந்த கால்வாசில கைய விட்டு பால் எடுத்து மறுநாள் வெளிய கேஸ் அடுப்பு வெச்சு பொங்கல் வெச்சோம், காத்துல மணல் வேற வந்து விழுந்துச்சு, முந்திரி எது மணல் எதுன்னு கடிச்சா தான் தெரியும்.

லாண்டரோமேட் (காசு போட்டு துணி தொவைக்கற கடை) போர்டுல நாலஞ்சு மொபைல் டெக்னீஷியன் கார்டு குத்தி இருந்துச்சு. மூணு பேர் போனே எடுக்கல. நாலாவதா எடுத்தவர் தான் இந்தப் பெரியவர், 70 வயசு இருக்கும், பிக்கப் டிரக்ல டூல்ஸ், ஒரு நாய். காலைல 10 மணிக்கு வரேன்னாரு, வந்தது 1 மணிக்கு. அந்த மூணு மணி நேரத்துல பசங்கள கூட்டிட்டு ஊருக்குள்ள ஹாய் ஜாலி சமாதி பாத்துட்டு வந்தேன். 1856ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சாமான் தூக்க ஒட்டகம் எறக்குமதி பண்ணப்போ கூட வந்த ஹாஜி அலிங்கற ஒட்டகக்காரர், அமெரிக்காக்காரங்க வாயில பேர் நொழையாம ஹாய் ஜாலி ஆயிட்டாரு, 1902ல இங்கயே செத்துப் போனாரு, சமாதி கல்லால கட்டின ஒரு சின்ன பிரமிடு, உச்சில ஒட்டகம். பையன் "ஒட்டகத்துக்கு ஸ்லைடு கெடையாதுல்லப்பா"ன்னான்.

சரி, வேலைக்கு வரேன். வந்ததும் அவர் போர்டையும் தொடல, மோட்டாரையும் தொடல. முதல்ல ஜெனரேட்டர ஆஃப் பண்ணச் சொல்லிட்டு ஹவுஸ் பேட்டரில (வீட்டுப் பக்கம் லைட்டு ஸ்லைடு எல்லாம் ஓடற பேட்டரி) மீட்டர வெச்சாரு, 12.6 வோல்ட். அப்புறம் சோபா பின்னாடி பேனல கழட்டி பின்பக்க லாக் மோட்டார் வயர்ல மீட்டர வெச்சு என்னைய சுவிட்ச அமுக்கச் சொன்னாரு. 9க்கு கீழ போச்சு. சும்மா இருக்கறப்போ பாத்தா நல்லா காட்டுது, லோடு குடுத்தா விழுது, டீலர்கிட்ட இத யாரும் பாத்த மாதிரியே தெரியல. அப்புறம் ஒரு நீள வயர எடுத்து மோட்டாரோட நெகட்டிவ்ல இருந்து நேரா பேட்டரி நெகட்டிவ்க்கு போட்டாரு, மோட்டார் விர்ருனு சுத்துது. அப்போ கோளாறு மோட்டார்ல இல்ல, எர்த்துல. வண்டிக்கு அடில படுத்து பாத்தா, ஃப்ரேம்ல எர்த் வயர் முறுக்கின போல்ட்டு துரு புடிச்சு பச்சையும் பழுப்புமா இருக்கு. நான் வருஷத்துல 8 மாசம் வண்டிய கடல்ல இருந்து ரெண்டு மைல்ல ஒரு ஸ்டோரேஜ்ல விடறேன், உப்புக் காத்து. கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்னு தெரியற வரைக்கும் தேச்சு, புது டெர்மினல் அடிச்சு, பல்லு வாஷர் போட்டு முறுக்கி மேல கிரீஸ் தடவினாரு.

இப்ப மோட்டார் சுத்துது, ஆனா கொக்கி பாதில நின்னு போகுது. இங்க தான் அவர் அனுபவம் தெரிஞ்சது. ஸ்லைடு ரூம் வெயிட்டு வெளிப்பக்கமா சாஞ்சு கொக்கி மேல ஒக்காந்திருக்கு, அந்த பாரத்துல கொக்கி எப்படி வெளிய வரும், பூட்டின கதவ வெளிய இழுத்துக்கிட்டே தாழ்ப்பாள தொறக்கற மாதிரி தான். என்னைய "இன்" சுவிட்ச அமுக்கி ரூம உள்ள இறுக்கச் சொல்லிட்டு, அவர் மோட்டார் பின்னாடி இருக்கற ஆறு மூல நட்டுல ராட்செட் ஸ்பேனர் போட்டு கையால திருப்பினாரு, டொக்குனு விட்டுடுச்சு. நான் நேத்து நைட்டு பூரா "அவுட்" அமுக்கிக்கிட்டு இருந்தேன், கன்ட்ரோல் போர்டு லாக் தொறந்த சிக்னல் வராம பெரிய மோட்டார ஓட விடாததால தப்பிச்சேன், இல்லன்னா பிராக்கெட் வளைஞ்சிருக்கும்னாரு. ஏற்கனவே கொக்கி கவ்வற அந்த ஸ்லைடு போல்ட்டு கால் இஞ்சு தள்ளி போயிருந்துச்சு, அத லூஸ் பண்ணி கொக்கி நடுவுல ஒக்கார்ற மாதிரி செட் பண்ணாரு.

கடைசியா லாக் தொறந்துச்சா மூடிச்சான்னு சொல்ற லிமிட் சுவிட்ச், அதோட தகடு வளைஞ்சு போய் எப்பவும் பூட்டினதாவே சிக்னல் குடுக்குது. இந்த லாக் செட்டு இப்ப கம்பெனில வர்றதில்ல, டீலர் இதையே சாக்கா சொல்லிருப்பான். இவர் சுவிட்ச் மேல அடிச்சிருந்த நம்பர டார்ச் அடிச்சு படிச்சாரு, டிரக்ல போய் ஒரு டப்பாவ கொட்டினாரு, அதே அளவு வேற கம்பெனி மைக்ரோ சுவிட்ச் ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. மாட்டினாரு. டொக்கு, டொக்கு, ஸ்லைடு போகுது. வீட்டுக்காரி என்னைய பாத்த பார்வைய இங்க எழுத முடியாது.

பில்லு: வந்ததுக்கு 125, ரெண்டரை மணி நேரம் மணிக்கு 150 வீதம் 375, பார்ட்ஸ் 38, ஆக 538 டாலர். 2,600 எங்க, இது எங்க. கொக்கிக்கு என்ன எண்ணெய் போடணும்னு கேட்டேன், டிரை சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் போதும், கிரீஸ் வேணாம், பாலைவனத் தூசி வந்து ஒட்டி மசாலா மாதிரி ஆயிடும்னாரு (மசாலா என் வார்த்தை).

குறை இருக்கு. மூணு மணி நேரம் லேட்டு, ஒரு மெசேஜ் கூட இல்ல. கேஷ் மட்டும் தான் வாங்குவாராம், ஏடிஎம் தேடி ஓடினேன், ரசீது கேட்டதுக்கு அட்டப்பெட்டி ஓரத்த கிழிச்சு எழுதிக் குடுத்தாரு. லாக்குக்குள்ள இருந்த மண்ண காத்து அடிச்சு கிளீன் பண்றேன்னு ஹால் பூரா ஊதி விட்டாரு, சோபா கவர் ரெண்டு தடவ தொவைச்சாச்சு. நாய் நல்ல நாய், மிச்சமிருந்த பொங்கல் அதுக்கு தான். அதுக்குத் தான் ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன், நாய்க்கு இல்ல, லேட்டுக்கும் தூசிக்கும்.

அவர் சொல்லி கூடுதலா ஒண்ணு பண்ணேன். லாங் டிரைவுக்கு ரூமுக்கும் செவுத்துக்கும் நடுவுல முட்டுக் குடுக்கற லாக் பார் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், கையால திருகி டைட் பண்றது. அத எடுக்காம "அவுட்" அமுக்கினா இன்னும் பெரிய செலவு, அதனால பார் மாட்டினதும் சுவிட்ச் மேல செவப்பு டேப் ஒட்டிடுவேன். நாலு மாசம் ஆச்சு, இதுவரைக்கும் ஏழெட்டு தடவ தொறந்து மூடியாச்சு, ரெண்டு டொக்கும் கேக்குது.

முன்பக்க லாக் எர்த்தும் அதே வயசு தான், அதையும் பாத்துக்கோன்னாரு. ஏப்ரல்ல வெயில் ஏற ஆரம்பிச்சதும் அவர் மொன்டானா பக்கம் கெளம்பிடுவாராம், திரும்ப குவார்ட்ஸைட் வர டிசம்பர் ஆகும். கார்ட ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன், இந்த தடவ 10 மணின்னா 1 மணின்னு கணக்கு வெச்சுக்கிட்டு தான் கூப்பிடணும்.